நட்சத்திர வீரர் கிடைச்சா போதுமா? நாலு ஐஸ் ஹாக்கி டீம் சொல்லித் தர்ற பணக் கணக்கு



"ரெண்டு வருஷமா எஸ்.ஐ.பி போடுறேன், கடனையும் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கிறேன். ஆனா எதுவும் மாறின மாதிரியே தெரியல. சரியான வழியிலதான் போறேனா, இல்ல வருஷத்தை வீணாக்குறேனா?"

நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. இதுக்கு "பொறுமையா இருங்க"ன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அது பாதி பதில்தான். ஏன்னா பொறுமையா இருந்து ஜெயிச்சவங்களும் இருக்காங்க, 14 வருஷம் பொறுமையா இருந்தும் ஒண்ணும் கிடைக்காதவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?

இதைப் புரிஞ்சிக்க நான் இன்னைக்கு எடுத்திருக்கிற உதாரணம் ஷேர் மார்க்கெட் இல்ல, ஐஸ் ஹாக்கி. நம்ம ஊர் புல்தரை ஹாக்கி இல்லைங்க. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பனித்தரையில ஸ்கேட் கட்டிக்கிட்டு ஆடுற ஹாக்கி. அங்க என்.எச்.எல்-னு ஒரு லீக் இருக்கு, மொத்தம் 32 டீம். அதுல கடைசி இடத்துக்குப் போய், எல்லாத்தையும் வித்துட்டு, சின்னப் பசங்களை வச்சு முதல்ல இருந்து கட்டுறதை 'ரீபில்ட்'னு சொல்வாங்க.

ஒரு பர்சனல் ஃபைனான்ஸ் ஆளுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? அந்த லீக்ல எல்லா டீமுக்கும் ஒரே பட்ஜெட். அதனால பணத்தை யார் எப்படிக் கையாண்டாங்கன்னு கண்ணாடி மாதிரி தெரியும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். இதுல வர்ற கணக்கு எல்லாம் 2024-25 சீசன் முடிஞ்சு, அடுத்த சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி நிலவரம்.

முதல்ல நாலு விதி

ஒண்ணு, சம்பள உச்சவரம்பு. முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த தகராறுல 2004-05 சீசன் முழுசா ரத்தாச்சு. அதுக்கப்புறம் 2005-ல இந்த விதி வந்துச்சு. ஒரு டீம் தன் வீரர்களுக்கு மொத்தமா இவ்வளவுக்கு மேல சம்பளம் கொடுக்கக் கூடாது. 2024-25-ல அந்த வரம்பு 8.8 கோடி டாலர். 2025-26-க்கு 9.55 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது.

ரெண்டு, பாயிண்ட். ஒரு சீசனுக்கு 82 மேட்ச். ஜெயிச்சா 2 பாயிண்ட். கூடுதல் நேரத்துல தோத்தா 1 பாயிண்ட். 16 டீம் பிளே-ஆஃப் போகும். பொதுவா அதுக்கு 90-க்கு மேல தேவைப்படும்.

மூணு, டிராஃப்ட். 18 வயசுப் பசங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கும். பிளே-ஆஃப் போகாத 16 டீமுக்கு லாட்டரி நடக்கும். கடைசி இடத்துல முடிச்ச டீமுக்கு முதல் தேர்வு கிடைக்க வாய்ப்பு 25.5 சதவீதம். அதாவது கடைசியா வந்தாலும் உறுதி கிடையாது.

நாலு, முதல் ஒப்பந்தம். டிராஃப்ட்ல வர்ற 18 வயசுப் பையனுக்கு முதல் 3 வருஷம் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. உலகமே கொண்டாடுற வீரரா இருந்தாலும் வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்குள்ளதான், போனஸ் தனி. மூணு வருஷம் முடிஞ்சதும் சம்பளம் பல மடங்கு எகிறும்.

இந்த நாலாவது விதியை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. கதையே அதுலதான் இருக்கு.

ஒரே மார்க் வாங்கின ரெண்டு பசங்க

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் 2010, 2013, 2015-ன்னு ஆறு வருஷத்துல மூணு தடவை ஸ்டான்லி கோப்பை ஜெயிச்ச டீம். அப்புறம் சரிஞ்சாங்க. 2022-23-ல கடைசியில இருந்து மூணாவது இடம். லாட்டரியில வெறும் 11.5 சதவீத வாய்ப்புதான் இருந்துச்சு, ஆனா அதிர்ஷ்டம் அடிச்சுது. 2023 டிராஃப்ட்ல முதல் ஆளா கானர் பெடார்டை எடுத்தாங்க.

சான் ஹோசே ஷார்க்ஸ் 2016-ல இறுதிப் போட்டி வரைக்கும் போன டீம். 2023-24-ல 47 பாயிண்டோட லீக்லயே கடைசி. அந்த சீசன்ல அடுத்தடுத்த ரெண்டு மேட்ச்ல தலா 10 கோல் வாங்கினாங்க. லாட்டரி கைகொடுத்துச்சு, 2024-ல முதல் ஆளா மாக்லின் செலப்ரினி வந்தார்.

இப்போ ரெண்டு பேரோட முதல் சீசனைப் பாருங்க. ஹாக்கியில கோல் போட்டாலும், கோலுக்கு உதவினாலும் வீரர் கணக்குல ஒரு பாயிண்ட். பெடார்ட் 68 மேட்ச்ல 61 பாயிண்ட் எடுத்து அந்த வருஷத்து சிறந்த புதுமுக விருதான கால்டர் கோப்பையை வாங்கினார். செலப்ரினி 70 மேட்ச்ல 63 பாயிண்ட். மேட்ச்சுக்கு சராசரி போட்டுப் பார்த்தா ரெண்டு பேருக்கும் 0.90.

சரி, அவங்க டீம்? பெடார்ட் வந்த முதல் வருஷம் சிகாகோ எடுத்தது 52 பாயிண்ட். செலப்ரினி வந்த முதல் வருஷம் சான் ஹோசே எடுத்ததும் 52 பாயிண்ட்.

அவ்வளவு பெரிய நட்சத்திரம் வந்தும், ரெண்டு டீமும் அடிமட்டத்துலதான். நம்மள்ல பல பேர் ஒரு நல்ல ஷேர், ஒரு நல்ல ஃபண்ட், ஒரு நல்ல வேலை கிடைச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறோம். ஒரு நல்ல ஆளு வந்தா ஓட்டைப் படகு தானா நேராகிடாது.

எட்மன்டன் ஆய்லர்ஸ் டீமுக்கு 2010, 2011, 2012, 2015-ன்னு ஆறு வருஷத்துல நாலு தடவை முதல் தேர்வு கிடைச்சுது. அதுல நாலாவது ஆளு கானர் மெக்டேவிட், இந்தக் காலத்தோட மிகச் சிறந்த வீரர்னு சொல்லலாம். அவங்க இறுதிப் போட்டியைப் பார்க்க 2024 ஆச்சு. 2025-லயும் போனாங்க, ரெண்டு தடவையும் ஃபுளோரிடாகிட்ட தோத்தாங்க. லாட்டரி நாலு தடவை அடிச்சவங்களுக்கே இந்த நிலைமை!

நாலு டீம், நாலு வரிசை

இப்போ 2021-22-ல இருந்து 2024-25 வரைக்கும் நாலு சீசனோட பாயிண்ட்டை வரிசையா எழுதுறேன். கொஞ்ச நேரம் இதையே பாருங்க.

மாண்ட்ரியல் கனடியன்ஸ்: 55, 68, 76, 91
சிகாகோ பிளாக்ஹாக்ஸ்: 68, 59, 52, 61
சான் ஹோசே ஷார்க்ஸ்: 77, 60, 47, 52
பஃபலோ சேபர்ஸ்: 75, 91, 84, 79

2023 கோடையில உங்ககிட்ட "இதுல எந்த டீம் நல்லா இருக்கு?"ன்னு கேட்டிருந்தா, சந்தேகமே இல்லாம பஃபலோன்னு சொல்லியிருப்பீங்க. 91 எடுத்திருந்தாங்க, ஒரே ஒரு பாயிண்ட்ல பிளே-ஆஃப் போச்சு. மாண்ட்ரியல் அப்போ 68-ல கிடந்துச்சு. ரெண்டே வருஷத்துல மாண்ட்ரியல் அதே 91 எடுத்து, சீசனோட கடைசி மேட்ச்ல பிளே-ஆஃப் இடத்தைப் பிடிச்சுது. பஃபலோ 79-க்கு இறங்கிடுச்சு.

அதே 91 பாயிண்ட். ஒருத்தருக்குக் கதவு திறந்துச்சு, ஒருத்தருக்கு மூடுச்சு. டெட்ராய்ட் ரெட் விங்ஸும் 2023-24-ல 91 எடுத்து வெளியிலதான் நின்னாங்க. அதனால ஒரு வருஷத்து ரிசல்ட்டுல அதிர்ஷ்டத்துக்கு எப்பவும் ஒரு பங்கு உண்டு. நாலு வருஷத்து வரிசையில அது பெருசா ஒளிஞ்சிக்க முடியாது.

மாண்ட்ரியல் என்ன பண்ணாங்க?

2021-ல இறுதிப் போட்டி ஆடின டீம், அடுத்த வருஷமே லீக்ல கடைசி. 2022 ஜனவரியில கென்ட் ஹியூஸ் ஜெனரல் மேனேஜரா வந்தார். அடுத்த மாசம் மார்ட்டின் செயின்ட் லூயி பயிற்சியாளரா வந்தார். வந்த உடனே டைலர் டொஃபோலி, பென் கியாரோட்னு மார்க்கெட்ல விலை இருந்த சீனியர் வீரர்களைக் கொடுத்து டிராஃப்ட் தேர்வுகளை வாங்கிப் போட்டாங்க. அதுக்கப்புறம் பயிற்சியாளரை மாத்தல. 68 எடுத்தப்பவும் மாத்தல, 76 எடுத்தப்பவும் மாத்தல.

2022 டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்தது யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. முதல் சீசன்ல காயம்பட்டு 39 மேட்ச்தான் ஆடினார், மொத்தம் 10 பாயிண்ட். முதல் தேர்வா வந்தவர் 10 பாயிண்ட்! நம்மளா இருந்தா அந்த இடத்துலயே எஸ்.ஐ.பி-யை நிறுத்தியிருப்போம். அவங்க விட்டுப் பிடிச்சாங்க. அடுத்த சீசன்ல 50 பாயிண்ட்.

அதே 2022 டிராஃப்ட்ல 62-வது ஆளா ஒரு குள்ளமான பையனையும் எடுத்தாங்க. பேரு லேன் ஹட்சன். 2024-25-ல 66 பாயிண்ட் எடுத்து கால்டர் விருதை ஜெயிச்சவர் இவர்தான். செலப்ரினியையே பின்னுக்குத் தள்ளினார். எல்லாரும் முதல் தேர்வையே பார்த்துக்கிட்டு இருந்தப்ப, 62-வது தேர்வு சத்தமில்லாம வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க போட்ட ஒப்பந்தங்கள்தான். நிக் சுசுகிக்கு 2021-லயே 8 வருஷம், வருஷத்துக்கு 78.75 லட்சம் டாலர். கோல் காஃபீல்டுக்கு 2023-ல 8 வருஷம், 78.5 லட்சம். ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு 2024-ல 8 வருஷம், 76 லட்சம். மூணு பேரும் கையெழுத்துப் போட்டப்ப 23 வயசைத் தாண்டல.

இப்போ கணக்கு போடுங்க. சுசுகியோட ஒப்பந்தம் தொடங்கின 2022-23-ல உச்சவரம்பு 8.25 கோடி டாலர். அவர் சம்பளம் அதுல 9.5 சதவீதம். 2025-26-ல வரம்பு 9.55 கோடி ஆகுது, அவர் பங்கு 8.2 சதவீதமா குறையுது. லீக் அறிவிச்சிருக்கிறபடி 2026-27-ல 10.4 கோடி ஆனா, 7.6 சதவீதம்தான். அவரோ 2024-25-ல 89 பாயிண்ட் எடுத்திருக்கார். ஆட்டம் ஏறுது, சம்பளம் அப்படியே நிக்குது, பட்ஜெட் வளருது.

இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நிலையான வட்டியில இ.எம்.ஐ கட்டுறவரோட சம்பளம் வருஷா வருஷம் ஏறுற கதைதான். முதல் வருஷம் கழுத்தைப் பிடிக்கும். அஞ்சாவது வருஷம் அதே தொகை மூச்சு விட இடம் கொடுக்கும். ஆனா ஒரு நிபந்தனை, வாங்கின பொருள் தேயாம வளரணும்.

பஃபலோ எங்க தப்பு பண்ணாங்க?

அந்த நிபந்தனைக்கு உதாரணம் பஃபலோவுல இருக்கு. ஜெஃப் ஸ்கின்னர் 2018-19-ல 40 கோல் போட்டார். உடனே, 2019-ல, 27 வயசுல அவருக்கும் 8 வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 90 லட்சம் டாலர். அன்னைக்கு உச்சவரம்புல 11 சதவீதம். அடுத்த சீசன்ல 14 கோல், அதுக்கடுத்த சீசன்ல 7 கோல். 2024-ல மீதி 3 வருஷத்தை ரத்து பண்ணி அனுப்பினாங்க. விதிப்படி அந்த ரத்துக்கான பணத்தை 6 வருஷம் பிரிச்சுக் கட்டணும்.

மாண்ட்ரியல் வாங்கினதும் 8 வருஷம், பஃபலோ வாங்கினதும் 8 வருஷம். ஒருத்தர் வளரப் போற விலைக்கு முன்னாடி வாங்கினாங்க. இன்னொருத்தர் உச்சியில நிக்கிற ஒரு வருஷத்து ரிட்டர்னைப் பார்த்து வாங்கினாங்க. போன வருஷ டாப் ஃபண்டைப் பார்த்து மொத்தப் பணத்தையும் போடுற பழக்கம் நமக்கும் உண்டுல்ல?

பஃபலோவுக்குத் திறமைப் பஞ்சம் கிடையாது. சாம் ரைன்ஹார்ட், ஜாக் ஐக்கெல் ரெண்டு பேருமே டிராஃப்ட்ல ரெண்டாவது ஆளா எடுத்தவங்க. ராஸ்மஸ் டாலீன், ஓவன் பவர் முதல் தேர்வு. ஆனா 2018-ல வித்த ரயன் ஓ'ரைலி அடுத்த வருஷமே செயின்ட் லூயிஸ் டீம்ல கோப்பை ஜெயிச்சு, பிளே-ஆஃபோட சிறந்த வீரர் ஆனார். ஐக்கெல், கழுத்து அறுவை சிகிச்சை சம்பந்தமான தகராறுல 2021-ல வேகாஸுக்குப் போய், 2023-ல கோப்பை தூக்கினார். ரைன்ஹார்ட் 2021-ல ஃபுளோரிடாவுக்குப் போய், 2024, 2025-ன்னு ரெண்டு கோப்பை.

வித்ததுல ஒண்ணுமே கிடைக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஓ'ரைலிக்குப் பதிலா வந்த டேஜ் தாம்சன் 2022-23-ல 47 கோல் போட்டவர். ஆனா பயிற்சியாளர்களைப் பாருங்க. 2013-ல லிண்டி ரஃபை அனுப்பினாங்க. அப்புறம் ஆறு பேர் மாறினாங்க. 2024-ல யாரைக் கூட்டிட்டு வந்தாங்க தெரியுமா? அதே லிண்டி ரஃபைத்தான்!

2011-12-ல இருந்து 2024-25 வரைக்கும் 14 சீசன் தொடர்ச்சியா பிளே-ஆஃப் இல்லாம போச்சு. என்.எச்.எல் வரலாற்றுலயே இதுதான் நீளமான வறட்சி. ரீபில்ட் முடியறதுக்குள்ள இன்னொரு ரீபில்ட் தொடங்குறதைப் பொறுமைன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு ரெண்டு வருஷத்துக்கும் ஃபண்டை மாத்திட்டு "பத்து வருஷமா முதலீடு பண்றேன், ஒண்ணும் வரல"ன்னு சொல்றவங்க நிலைமையும் இதுதான்.

சிகாகோவும் சான் ஹோசேவும்: ஓடிக்கிட்டு இருக்கிற கடிகாரம்

இப்போ அந்த நாலாவது விதிக்கு வருவோம். பெடார்டோட அடிப்படைச் சம்பளம் 9.5 லட்சம் டாலர். அந்தக் குறைஞ்ச சம்பளம் மூணு வருஷத்துக்கு மட்டும்தான். அதுல ரெண்டு வருஷம் முடிஞ்சு போச்சு, டீம் 52, 61-ல நிக்குது. அவருடைய ரெண்டாவது சீசன் 82 மேட்ச்ல 67 பாயிண்ட், மேட்ச்சுக்கு 0.82. கொஞ்சம் இறங்கியிருக்கு. மூணாவது சீசனுக்குள்ள நுழையும்போது அவருக்கு மூணாவது பயிற்சியாளர்.

சிகாகோவோட பழைய பில்லும் பாக்கி இருக்கு. 2021-ல, சரியப் போற நேரத்துல, முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து சேத் ஜோன்ஸை வாங்கி 8 வருஷம், வருஷத்துக்கு 95 லட்சம் டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க. 2025 மார்ச்ல ஃபுளோரிடாவுக்கு அனுப்பினப்ப, அவர் சம்பளத்துல வருஷத்துக்கு 25 லட்சத்தை சிகாகோவே 2029-30 வரைக்கும் சுமக்கணும்னு ஆச்சு. வண்டியை வித்தாச்சு, லோன் ஓடுது. நல்ல விஷயமும் இருக்கு. ஃபிராங்க் நஸார்ங்கிற 21 வயசுப் பையனுக்கு, விலை ஏறுறதுக்கு முன்னாடியே 7 வருஷ ஒப்பந்தம் போட்டுட்டாங்க. மாண்ட்ரியல் பாடம் கொஞ்சம் உள்ள போயிருக்கு.

சான் ஹோசேவுக்கு செலப்ரினியோட மலிவு வருஷம் இன்னும் ரெண்டு பாக்கி. 2023-ல நாலாவது தேர்வா வந்த வில் ஸ்மித் முதல் சீசன்லயே 45 பாயிண்ட் எடுத்திருக்கார். 2025-லயும் கடைசியா முடிச்சாங்க, ஆனா லாட்டரியில பத்தாவது இடத்துல இருந்த நியூயார்க் ஐலண்டர்ஸ் 3.5 சதவீத வாய்ப்புல முதல் தேர்வைத் தட்டிட்டுப் போயிட்டாங்க. சான் ஹோசே ரெண்டாவது ஆளா மைக்கேல் மீசாவை எடுத்தாங்க.

அவங்க பண்ண ஒரு சின்ன வியாபாரத்தைச் சொல்லியே ஆகணும். 2024 ஜூன்ல டெட்ராய்ட் டீம் ஜேக் வால்மன்ங்கிற வீரரோட சம்பளச் சுமையைக் கழட்டிவிட நினைச்சாங்க. சான் ஹோசே அவரை வாங்கிக்க, கூடவே ஒரு ரெண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தாங்க. அதாவது பொருளையும் கொடுத்து, எடுத்துட்டுப் போகக் காசும் கொடுத்த மாதிரி! வால்மன் 50 மேட்ச்ல 32 பாயிண்ட் எடுத்தார். 2025 மார்ச்ல அவரை எட்மன்டனுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கினாங்க. பட்ஜெட்ல இடம் காலியா இருக்கிறவனுக்குத்தான் இப்படி வாய்ப்பு கண்ணுல படும். எமர்ஜென்சி ஃபண்ட் வச்சிருக்கணும்னு நான் கத்துறதுக்குக் காரணம் ஆபத்து மட்டும் இல்லைங்க, இதுவும்தான்.

ஒரு இடத்துல மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது

நேர்மையா சொல்லிடுறேன். ஹாக்கியில கடைசியா வந்தா, நல்ல பையனை எடுக்க முன்னுரிமை கிடைக்கும். நம்ம வாழ்க்கையில கடன்ல மூழ்கினா யாரும் டிராஃப்ட் நடத்த மாட்டாங்க. வட்டிதான் ஏறும். அதனால "இன்னும் கொஞ்சம் விழுந்துட்டு அப்புறம் எழுந்துக்கலாம்"ங்கிற யோசனை நமக்கு ஆகாது.

ஆனா மலிவு வருஷம் நமக்கும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி, குழந்தைங்க ஸ்கூல் ஃபீஸ் வர்றதுக்கு முன்னாடி, அப்பா அம்மா மருத்துவச் செலவு கூடுறதுக்கு முன்னாடி, சம்பளத்துல கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடியுற அந்த சில வருஷம். எல்லாருக்கும் அது ஒரே அளவு கிடைக்காது, சிலருக்குக் கிடைக்காமலே போயிடும். கிடைச்சவங்க அதைத் தவறவிடாதீங்க. செலவு ஏறினதுக்கு அப்புறம் அதே தொகையைச் சேமிக்க ரெண்டு மடங்கு கஷ்டப்படணும்.

உங்களோட நாலு நம்பர் என்ன?

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வர்றேன். சரியான வழியிலதான் போறோமான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. கடந்த நாலு வருஷத்துல ஒவ்வொரு மார்ச் மாசக் கடைசியிலயும் உங்ககிட்ட இருந்த சேமிப்பு, முதலீடு, நகை எல்லாத்தையும் கூட்டுங்க. அதுல இருந்து கடனைக் கழிங்க. வர்ற நாலு நம்பரை வரிசையா எழுதுங்க. மைனஸ்ல வந்தாலும் வெக்கப்படாம எழுதுங்க.

மைனஸ் 4 லட்சம், மைனஸ் 3 லட்சம், மைனஸ் ஒண்ணரை லட்சம், 20 ஆயிரம்னு வந்தா, நீங்க மாண்ட்ரியல். கையில வெறும் 20 ஆயிரம்தான் இருக்குன்னு கவலைப்படாதீங்க, போறதை அப்படியே தொடருங்க. நம்பர் பெருசா இருந்து, ஏறி இறங்கி, இறங்கிக்கிட்டே இருந்தா, கையில எவ்வளவு நல்ல ஷேர் இருந்தாலும் உக்காந்து யோசிங்க. எதை அடிக்கடி மாத்துறோம், எந்தப் பழைய பில்லை இன்னும் சுமக்கிறோம்னு பாருங்க.

வரிசை இன்னும் அடிமட்டத்துலயே இருந்தா? ஸ்லாஃப்கோவ்ஸ்கியோட முதல் சீசனை நினைச்சுக்கோங்க. 39 மேட்ச், 10 பாயிண்ட்.

கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சிட்டு எந்த டீம் ஜெயிக்கும்னு பெட்டிங் ஆப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. நாம பார்த்தது கட்டுறவங்களோட கணக்கு, பந்தயம் கட்டுறவங்களோடது இல்ல. இது பொதுவான தகவல்தான், உங்களுக்கான தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை கிடையாது.

அந்த நாலு நம்பரை எழுதிட்டு பத்திரமா வைங்க. அடுத்த மார்ச்ல அஞ்சாவது நம்பரைச் சேர்ப்போம்.